மீன் தொட்டிக்கு எந்த ஃபில்டர்? கேட்ட எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில்



கோடை விடுமுறை தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி மீன் தொட்டியைப் பற்றியதுதான். "சார், பாப்பா மீன் வேணும்னு அடம் பிடிக்குது, எந்த ஃபில்டர் வாங்குறது?" "மாமா, மோட்டார் வச்ச ஃபில்டர்தான் நல்லதுன்னு கடையில சொல்றாங்க, அப்படியா?" இந்த வாரம் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகத் தட்டச்சு செய்ய விரலில் தெம்பு இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்கள், இதையும் படித்துவிடுவீர்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இரண்டடித் தொட்டி, அதில் கப்பி, மோலி, பிளாட்டி மாதிரி சின்ன மீன்கள் சில என்றால், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் அதற்கு ஒரு ஏர் பம்பும் போதும். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். மிச்சம் இருக்கும் பணத்தில் ஒரு அளவு பெரிய தொட்டியாக வாங்குங்கள். கடையில் "அது பழைய டைப் சார்" என்பார்கள். பழையதுதான். இட்லிப் பானையும் பழையதுதான்.

ஏன் என்று கேட்பவர்களுக்கு மட்டும் மீதி.

ஃபில்டர் என்ற பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். வடிகட்டி என்றதும் நமக்கு டீ வடிகட்டி ஞாபகம் வரும். அல்லது கூழாங்கல், மணல், கரி போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று பானை ஞாபகம் வரும். கலங்கல் உள்ளே போய்த் தெளிவு வெளியே வந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். நம் அப்பத்தாமார்கள் தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கத்தில் உரசிவிட்டு, குளத்துத் தண்ணீரை ஊற்றி வைப்பார்கள். காலையில் மண்டி அடியில் தங்கி, மேலே கண்ணாடி மாதிரி இருக்கும். குடிக்கிற நமக்கு அது உதவும். மீனுக்கு ஆபத்து வருவது கலங்கலால் இல்லை. அதைக் கொல்லும் பொருளுக்கு நிறமே கிடையாது.

அதன் பெயர் அம்மோனியா. மீன் தன் உடம்பின் கழிவை அதிகமாக அம்மோனியாவாகத்தான் வெளியேற்றுகிறது, அதிலும் பெரும்பகுதி செவுள் வழியாக. தின்னாமல் அடியில் கிடக்கும் தீனி அழுகினாலும் அம்மோனியா. குளத்தில் இது பெரிய விஷயமில்லை. நாலு கண்ணாடிக்குள் அடைத்த ஐம்பது லிட்டர் தண்ணீரில், மீன் தன் கழிவையே திரும்பத் திரும்பச் சுவாசிக்கிறது. செவுள் வெந்து போகிறது. தண்ணீர் பளிங்கு மாதிரித் தெளிவாக இருக்கும்போதே மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். "பசிக்குது போல" என்று இன்னும் ஒரு கை தீனி போடுவோம். மறுநாள் அது மல்லாந்து மிதக்கும்.

அப்போது யாராவது ஒருவர் சொல்வார்: "வீட்டுக்கு வந்த கண்டம், மீனோட போச்சு." இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். மீன் செத்தால் திருஷ்டி கழிந்தது என்று சொல்லித் தேற்றுகிறார்கள். வாஸ்து மீன் என்று ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்பவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். விற்பவருக்கு இதைவிட வசதியான நம்பிக்கை உண்டா? பொருள் கெட்டுப்போனால் வாங்கியவர் புகார் சொல்லமாட்டார், நன்றி சொல்லி இன்னொன்று வாங்குவார். பக்கத்தில் நிற்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு இதில் என்ன பாடம் போய்ச் சேருகிறது என்று யோசித்துப் பாருங்கள். உயிர் போனால் கடையில் வேறு கிடைக்கும் என்பதுதானே?

சரி, அம்மோனியாவை யார் அகற்றுவது? இங்கேதான் நீங்கள் நோட்டில் அம்புக்குறி போட்டு வரைந்த நைட்ரஜன் சுழற்சி வருகிறது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்த அதே படம். மண்ணிலும் நீரிலும் இருக்கும் ஒருவகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் விஷம்தான். ரத்தத்தில் கலந்து ஆக்சிஜன் சுமக்கும் வேலையைக் கெடுத்துவிடும். நைட்ரேட் அந்த அளவுக்குக் கொடியதில்லை. வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டால் அதுவும் போய்விடும். (எடுத்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினால் பத்து நாளில் வித்தியாசம் தெரியும்.)

இதில் ஒரு சுவையான விஷயம் உண்டு. 1850இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே தொட்டியில் வைத்து, தண்ணீர் மாற்றாமலேயே உயிரோடு வைத்திருக்க முடியும் என்று எழுதினார். வீட்டு மீன் தொட்டியின் வரலாறு பெரும்பாலும் அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. அவருடைய மகனுக்கும் அதே பெயர். மகன் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் உட்கார்ந்து, மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது இரண்டு கட்டமாக, உயிரிகளால் நடக்கிறது என்று காட்டினார். அப்பா தொட்டியை வைத்தார், அந்தத் தொட்டிக்குள் நடப்பது என்ன என்பதை மகன் வயல் மண்ணில் கண்டுபிடித்தார். அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுக்க மட்டும் அவரால் முடியவில்லை. அதை 1890இல் செய்தவர் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி. பாடப்புத்தகத்தில் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்று இரண்டு பெயர் படித்திருப்பீர்கள். 2015இல் அந்த இரண்டு வேலையையும் ஒன்றே செய்யும் பாக்டீரியா இருப்பதை இரண்டு ஆய்வுக் குழுக்கள் கண்டுபிடித்தன. அதில் ஒரு குழு மாதிரியை எங்கிருந்து எடுத்தது தெரியுமா? ஒரு மீன் வளர்ப்பு அமைப்பின் வடிகட்டியிலிருந்து.

ஆகவே பிள்ளைகளே, ஃபில்டர் என்பது இந்தப் பாக்டீரியாக்களுக்கு நீங்கள் கட்டிக் கொடுக்கும் வீடு. அழுக்கைப் பிடிப்பது அதன் உபதொழில். ஃபில்டர் வாங்கும்போது மூன்று கேள்விகள் போதும். அவை ஒட்டிக்கொள்ள இடம் நிறைய இருக்கிறதா? தண்ணீர் அதன் வழியே விடாமல் ஓடுகிறதா? ஆக்சிஜன் கிடைக்கிறதா?

ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்பது நடுவில் குழாய் வைத்த ஒரு பஞ்சு உருளை. ஏர் பம்ப் அனுப்பும் காற்று அந்தக் குழாய்க்குள் குமிழாக மேலே ஏறுகிறது. ஏறும்போது தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போகிறது. அந்த இடத்தை நிரப்ப, சுற்றியுள்ள தண்ணீர் பஞ்சின் வழியாக உள்ளே வருகிறது. அவ்வளவுதான் இயந்திரம். உள்ளே சுற்றும் பாகம் எதுவும் இல்லை. பஞ்சின் ஒவ்வொரு துளையிலும் பாக்டீரியா படியும். குமிழ்கள் மேல்மட்டத்தைக் கலக்குவதால் ஆக்சிஜனும் கரையும். இழுவை மெதுவாக இருப்பதால் கப்பிக் குஞ்சுகள் உள்ளே சிக்காது. பவர் ஃபில்டர் வைத்த தொட்டியில் இரவு போட்ட குஞ்சுகள் காலையில் காணாமல் போவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நம் ஊருக்கு இது பொருந்துவதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. அன்னவாசல் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள் இருக்கும் தொட்டித் தண்ணீரே முப்பது டிகிரியைத் தாண்டிவிடும். தண்ணீர் சூடாகச் சூடாக ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரைகிறது என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். அதோடு, சூடும் காரத்தன்மையும் கூடும்போது அம்மோனியாவின் விஷமும் கூடும். உப்புப் படிந்து பக்கெட்டை வெள்ளையாக்கும் நம் போர்த் தண்ணீரில் பெரும்பாலும் காரத்தன்மை அதிகம். குளிர் தேசத்தில் எழுதிய கையேட்டில் "இந்த அளவு அம்மோனியா பரவாயில்லை" என்று இருப்பதை இங்கே நம்பக்கூடாது. இங்கே அது பூஜ்ஜியமாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது கரண்ட். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்தது. அதன் பிறகு நம் மாவட்டத்தில் பல ஊர்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த அளவுக்குப் போகவேண்டாம், மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தானே வருகிறது. விலை உயர்ந்த கேனிஸ்டர் ஃபில்டர் தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக உட்கார்ந்திருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அந்த அழுகல் தண்ணீர் முழுவதும் ஒரே மூச்சில் மீன்மேல் கொட்டும். ஸ்பாஞ்சு தொட்டிக்குள்ளேயே திறந்து கிடப்பதால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்புகள் கிடைக்கின்றன. பவர் பேங்கில் மாட்டி ஓட்டுவதும் உண்டு. ஒன்றுமே இல்லையென்றால் தீனியை நிறுத்திவிட்டு, ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரையே மொண்டு அரையடி உயரத்திலிருந்து அவ்வப்போது ஊற்றுங்கள். ஒரு நாள் தீனி இல்லாததால் எந்த மீனும் செத்ததில்லை.

கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரியில் ஃபில்டரை அணைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கணக்குப் போடுவோம். 3 வாட் ஏர் பம்ப் 24 மணி நேரம் ஓடினால் 72 வாட்-மணி. முப்பது நாளுக்கு 2,160 வாட்-மணி, அதாவது இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல். இரண்டு மாதப் பில்லில் நாலரை யூனிட்டுக்குள். இதற்காக ஒவ்வொரு இரவும் பாக்டீரியாவின் மூச்சைப் பிடித்து வைக்கவேண்டுமா? சத்தம்தான் பிரச்சினை என்றால் பம்புக்கு அடியில் பழைய துண்டை மடித்து வையுங்கள்.

அந்தப் பம்பை வைக்கும் இடம் முக்கியம். தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும், அல்லது டியூபின் நடுவில் தண்ணீர் திரும்பாதபடி ஒரு சின்ன வால்வு மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது தொட்டித் தண்ணீர் டியூப் வழியே பின்னால் இறங்கிப் பம்புக்குள் போகும், சில சமயம் பிளக் வரைக்கும் போகும். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் மோட்டார்களில் இன்னொரு பயம் உண்டு. மேலுறையில் விரிசல் விட்டால் தண்ணீருக்கே கரண்ட் பாயும். எந்த ஃபில்டராக இருந்தாலும் கை விடுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். பிள்ளைகளுக்கு முதலில் இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பிறகு மீனுக்குப் பெயர் வைக்கச் சொல்லுங்கள்.

எல்லாருக்கும் ஸ்பாஞ்சு போதும் என்று நான் சொல்லமாட்டேன். தங்கமீன் நிறையத் தின்று நிறையக் கழிக்கும் ஜாதி. ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் இன்னும் மோசம். அவற்றுக்கு மோட்டார் வைத்த பெரிய ஃபில்டர் வேண்டும். அதற்குமுன் பெரிய தொட்டி வேண்டும், அதற்கும்முன் அவற்றை வாங்கத்தான் வேண்டுமா என்ற யோசனை வேண்டும். கார்பன் டை ஆக்சைடு செலுத்தி நீர்ச்செடி வளர்க்கிறவர்களுக்கும் ஸ்பாஞ்சு சரிவராது. குமிழ் அந்த வாயுவை வெளியே தள்ளிவிடும்.

மோட்டார் ஃபில்டர் வாங்குவதாக இருந்தால் ஒரு கணக்கு. தொட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி என்றால் ஏறத்தாழ 60 × 30 × 30 = 54,000. அதாவது 54 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக 45 வரும். மணிக்கு அதைப்போல் நாலைந்து மடங்கு தண்ணீர் ஓடினால் போதும் என்பது பொதுவான கணக்கு. பெட்டியில் போட்டிருக்கும் எண் எந்தத் தடையும் இல்லாமல் மோட்டார் மட்டும் தள்ளும் அளவு. பஞ்சு வைத்து, கொஞ்சம் அழுக்கும் ஏறியபின் அது நன்றாகக் குறையும். அதனால் சற்றுக் கூடுதலாகப் பார்த்து வாங்குங்கள். ஃபைட்டர் மீனுக்கு மட்டும் வேகமான ஓட்டம் ஆகாது, அந்த நீண்ட துடுப்போடு அது எதிர்நீச்சல் போட்டே களைத்துவிடும்.

ஃபைட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. அதை ஒரு ஊறுகாய் பாட்டில் அளவு ஜாடியில் போட்டு, "இதுக்கு ஃபில்டரே வேண்டாம், காத்தையே சுவாசிக்கும்" என்று விற்கிறார்கள். பாதி உண்மை. நம் ஊர்க் கண்மாய்களில் இருக்கும் பனையேறிக் கெண்டைக்கு இருப்பதுபோல் ஃபைட்டருக்கும் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு தலைக்குள் இருக்கிறது. (பனையேறிக் கெண்டை பனையில் ஏறியதைப் பார்த்ததாகத் தரங்கம்பாடியிலிருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரர் எழுதியது 1797இல் வெளியானது. உலகத்தில் பாதிப்பேர் நம்பவில்லை.) ஆக்சிஜன் பிரச்சினையை அந்த உறுப்பு தீர்க்கும். அம்மோனியாவை அது என்ன செய்யும்? புகை நிறைந்த அறையில் உட்காரவைத்து, மூக்குக்கு மட்டும் குழாய் கொடுத்தால் கண் எரியாதா? ஃபில்டர் இல்லாத கண்ணாடி ஜாடியில் மீன் விற்பதையே நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், சண்டைக்கு வருகிறேன்.

"சார், சித்தன்னவாசல் குளத்துல எந்த ஃபில்டர் இருந்துச்சு?" என்று ஒருவன் கேட்டான். குறும்புக்குக் கேட்டாலும் நல்ல கேள்வி. அறிவர் கோயில் விதானத்தில் அந்தத் தாமரைக் குளத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். தாமரைக் கொடி, மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள் என்று எல்லாம் ஒரே தண்ணீரில். யானையும் எருமையும் இறங்கிய குளத்தில் அம்மோனியாவுக்குப் பஞ்சமா? ஆனால் அங்கே அடியில் சேறு இருக்கிறது, சேறு முழுக்கப் பாக்டீரியா. நைட்ரேட்டை உறிஞ்சத் தாமரை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் நிறைய, மீன் கொஞ்சம். நாம் தொட்டியில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். தண்ணீரைக் குறைத்து, மீனைக் கூட்டி, சேற்றையும் அள்ளிவிட்டு, ஈடுகட்டச் சொல்லி ஒரு பஞ்சுத் துண்டைக் கேட்கிறோம். அதனால்தான் ஃபில்டர் காசைத் தொட்டியின் அளவில் போடுங்கள் என்றேன்.

வாங்கியபின் செய்யும் தவறுதான் பெரும்பாலான மீன்களைக் கொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டியைக் காலி செய்து, மணலைக் கழுவி, ஃபில்டர் பஞ்சைப் பேரூராட்சிக் குழாயடியில் வெள்ளை வெளேரென்று பிழிந்து, திரும்ப வைத்துவிட்டு "சுத்தம்" என்று பெருமூச்சு விடுவார்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் போடுவதே கிருமியைக் கொல்லத்தான். அது நல்லது கெட்டது பார்க்காது. புதன், வியாழனில் மீன் சாகும். பழி மீன் விற்ற கடைக்கு. பஞ்சைக் கழுவவேண்டியது தொட்டியிலிருந்து எடுத்த ஒரு பக்கெட் தண்ணீரில், இரண்டு மூன்று பிழி மட்டும். பழுப்பு நிறம் இருக்கத்தான் செய்யும், இருக்கட்டும். கரித்துகள் பை வண்ணமும் வாடையும் எடுக்கும், சில வாரத்தில் தீர்ந்துபோகும். புற ஊதா விளக்கு பச்சைத் தண்ணீரைத் தெளியவைக்கும். இரண்டும் அம்மோனியாவைத் தொடாது. கண்டதற்கெல்லாம் நீல மருந்து, மஞ்சள் மருந்து ஊற்றினால் பஞ்சில் இருப்பவையும் சேர்ந்தே போகும்.

நம் ஊர்த் தண்ணீரை அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். அங்கே குழாய்த் தண்ணீரில் குளோரின் இல்லை, குளோரமின். எத்தனை நாள் வைத்தாலும் எளிதில் போகாது. கடையில் கிடைக்கும் நீர் சீராக்கும் சொட்டு மருந்து கட்டாயம் வேண்டும்.

கடைசியாக, பொறுமை. தொட்டி வாங்கிய அன்றே பத்து மீன் போடாதீர்கள். புதுப் பஞ்சில் பாக்டீரியா கிடையாது. ஒன்றிரண்டு மீனோடு தொடங்கி, தீனியைக் கிள்ளிப் போட்டு, தண்ணீரை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் நாலு முதல் ஆறு வாரத்தில் அவை தாமாகவே பெருகும். அம்மோனியா பார்க்கும் சோதனைச் சொட்டு மருந்து வாங்கினால் உங்கள் பிள்ளைக்கு ஒரு வேதியியல் வகுப்பும் ஆயிற்று. அவ்வளவு காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது, நம் வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரிந்த வழி. புதுப் பாலுக்குப் பழைய தயிரிலிருந்து உறை ஊற்றுவதில்லையா? அதேதான். நன்றாக ஓடுகிற, நோயில்லாத தொட்டியிலிருந்து ஒரு பழைய பஞ்சைக் கொண்டுவந்து புதுத் தொட்டியில் வைத்தால் காத்திருக்கும் காலம் பாதிக்கும் கீழே குறையும். தயிர் ஒரு ராத்திரியில் உறையும், இது சில நாள் எடுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் தொட்டியில் எப்போதும் இரண்டு ஸ்பாஞ்சு ஓடுகிறது, ஒன்று இப்படிக் கேட்டு வருபவர்களுக்காகவே. அன்னவாசல், இலுப்பூர், புதுக்கோட்டை பக்கம் இருப்பவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். முந்தின நாள் ஒரு போன் போடுங்கள். வரும்போது மூடியுள்ள தூக்குவாளி ஒன்று கொண்டு வாருங்கள், தொட்டித் தண்ணீரோடு போட்டுத் தருகிறேன். வழியில் எங்கும் நிற்காமல் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பதிலுக்கு உங்கள் புதுப் பஞ்சைக் கொடுத்துவிட்டுப் போங்கள், அடுத்து வருபவருக்கு ஆகும்.